நட்சத்திரம் போட்ட வினைச்சொல்லும் வீட்டோடு மாப்பிள்ளையும்

பரத்துக்குச் சொந்தமாகப் படகு இருந்தது. சுத்து வலை இரண்டு இருந்தன. இளவரசி என்று ஒரு மனைவி இருந்தாள்; அவள் பேசும்போது குறுக்கே பேசாத நல்ல குணமும் அவனுக்கு இருந்தது. ஏரியில் இறங்க ஒரு நாள்தான் இல்லை.

பழவேற்காடு ஏரி பார்ப்பதற்குத்தான் பொதுச்சொத்து. இறால் விழும் துறைகளில் யார் எந்த நாளில் எங்கே வலை வளைப்பது என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பெயர் பாடு. வருஷத்துக்கு ஒருமுறை குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு சீட்டு எழுதி, பிளாஸ்டிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள்; விழுந்த வரிசைப்படி துறைகள் வருஷம் முழுக்கச் சுழலும். இன்றைக்கு நல்ல துறை வாய்த்தவனுக்கு அடுத்த முறை நண்டுகூட எட்டிப் பார்க்காத மூலை. இன்றைக்கு மூலையில் கிடந்தவனுக்கு அடுத்த முறை முகத்துவாரம். பெரிய பெரிய திட்டக்குழுக்கள் அறிக்கை அறிக்கையாக எழுதியும் எட்டாத சமத்துவத்தை, காது உடைந்த ஒரு பச்சைக் குடம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

அந்தக் குடத்துக்குள் பரத்தின் பெயர் மட்டும் ஒருநாளும் போனதில்லை. அவன் வீட்டோடு மாப்பிள்ளை.

ஏரியின் வடகரையில், தமிழும் தெலுங்கும் ஒரே தட்டில் சாப்பிடும் ஒரு குப்பத்திலிருந்து ஒன்பது வருஷத்துக்கு முன் அவன் இங்கே வந்தான். மாமனார் பெயர் சம்பந்தம்; அவருக்கு இளவரசி ஒரே பெண். "எம் பொண்ணைக் கண்ணுக்கு மறைவா அனுப்ப மாட்டேன்" என்று அவர் சொன்னபோது, அது பாசம் என்று பரத் நினைத்தான். பாசம்தான். கூடவே வலை இழுக்க ஒரு ஆள் என்கிற கணக்கும் அதில் இருந்தது என்பது முதல் மாதமே தெரிந்துபோனது. சம்பந்தத்துக்குப் பாடு வரும் நாளில் பரத் இழுப்பான். சம்பந்தம் படகின் தலைமாட்டில் உட்கார்ந்து குரலாலேயே இழுப்பார். மற்ற நாட்களில் பரத் யார் கூப்பிட்டாலும் அவர்கள் படகில் போவான். அவனுடைய படகு கரையில் கவிழ்ந்து கிடந்து, நாலு நாய்களுக்கு நிழல் கொடுத்துவந்தது.

நடுவில் ஒரு வறண்ட வருஷத்தில் எட்டு மாதம் அவன் காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் ஒப்பந்தத்தில் லாஞ்சு ஓட்டினான். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குக் காய்கறியும் தண்ணீர்க் கேனும் கொண்டுபோகும் வேலை. அந்தச் சமயம் பார்த்துக் குப்பமே துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து மனு எழுதிக்கொண்டிருந்தது. பரத் காலையில் மனுவில் கையெழுத்துப் போடுவான், மத்தியானம் அதே கையால் லாஞ்சுக் கயிற்றை அவிழ்ப்பான். இரண்டிலும் அவன் உண்மையாகத்தான் இருந்தான். ஊர் அவனுக்கு 'போர்ட்டு மாப்ள' என்று பட்டம் கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொண்டது.

கப்பல்காரர்கள் கூடையை மேலே ஏற்றும்வரை லாஞ்சில் சும்மா உட்கார முடியாது. பரத் தூண்டில் போடுவான். ஒருநாள் பல்கேரியச் சமையல்காரன் ஒருவன் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்து, "லோவிஷ்?" என்று கேட்டான். தூண்டிலைக் காட்டிக் கேட்டதால் அர்த்தம் புரிந்தது: பிடிக்கிறியா? ஒரு மாதம் கழித்து வேறொரு கப்பல், வேறொரு கொடி. ரஷ்ய மாலுமி ஒருவன் கேட்டதும் "லோவிஷ்?" இன்னொரு நாள் ஒரு போலந்து மெக்கானிக், கையில் கிரீஸோடு: "வோவிஷ்?"

மூன்று நாட்டுக்காரன், மூன்று கப்பல், கேள்வி ஒன்று. சொல்லும் ஏறக்குறைய ஒன்று. இன்னொருவனாக இருந்தால் மீனைப் பார்த்துக்கொண்டு இதை விட்டிருப்பான். பரத் வளர்ந்த வீட்டில் அம்மா தெலுங்கில் 'செய்யி' என்பதை நைனா, அதாவது அப்பா, தமிழில் 'கை' என்பார். இரண்டும் ஒரே கைதான் என்று அடி வாங்கியே கற்றவன் அவன். சொற்களுக்குள் பங்காளி உறவு உண்டு என்பது அவனுக்கு மூக்கில் வியர்த்தது. அன்றைக்குத் திரும்பும் வழியிலேயே போனை நோண்ட ஆரம்பித்தான்.

போன் அவனை ஓர் அகராதிப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கியது. ஆதி ஸ்லாவிய மொழி. 'லோவிதி' என்ற வினைச்சொல். வேட்டையாடு, பிடி, மீன் பிடி. சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம்.

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மொபைல் கடையும் ஜெராக்ஸ் கடையும் ஒரே மேஜையில் வைத்திருக்கும் ஆசிக்கிடம் போய்க் காட்டினான்.

"பாய், சொல்லு மேல ஸ்டாரு போட்டுக்கிறான். இன்னா அர்த்தம்?"

ஆசிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான். "ஓட்டலுக்குப் போட்டா நல்ல ஓட்டலு நைனா. ஆஃபருக்குப் போட்டா நிபந்தனைக்கு உட்பட்டது. சொல்லுக்கும் நிபந்தனைதான், வேற இன்னா?"

விளையாட்டாகச் சொன்னாலும் அவன் சொன்னது பாதி சரி. பக்கத்தை இரண்டு பேருமாக மொழிபெயர்ப்பில் போட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அந்தச் சொல்லை எழுதி வைத்தவர் யாருமில்லை. அதைப் பேசிய கூட்டம் ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்பே பல திக்காகப் பிரிந்துபோய்விட்டது. ரஷ்யன் எப்படிச் சொல்கிறான், போலந்துக்காரன் எப்படிச் சொல்கிறான், செக்குக்காரன், பல்கேரியன் எப்படிச் சொல்கிறான் என்று வரிசையாக வைத்து, இவ்வளவு பேரும் இப்படிச் சொல்ல வேண்டுமென்றால் மூத்தவர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போய்க் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் கட்டியது, யாரும் காதால் கேட்டதில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் அந்த நட்சத்திரம்.

"படிச்சவனுங்க இவ்ளோ யோக்கியமாவா இருக்கானுங்க?" என்று ஆசிக் ஆச்சரியப்பட்டான். "நம்ம ஊர்ல மேடையில பேசறவனுக்கெல்லாம் இந்த ஸ்டார வச்சா வானத்துல ஒண்ணும் மிஞ்சாது."

பரத் அதற்குள் வேருக்குப் போய்விட்டான். 'லோவு' என்றால் வேட்டை, பிடிபட்டது. அதிலிருந்துதான் வினை பிறந்திருக்கிறது. அதற்கும் முந்திய வேர் ஒன்றில் இதற்குத் தூரத்துச் சொந்தங்கள் இருக்கலாமாம். கிரேக்கன் வீட்டில் அது கொள்ளைப் பொருள். லத்தீன்காரன் வீட்டில் லாபம். கோதியன் வீட்டில் கூலி. பரத்துக்கு இது புதிதாகப் படவில்லை. ஒரே வலையில் விழுந்த மீன் இழுத்தவனுக்குக் கூலியாகவும், பாடு வாய்த்தவனுக்கு லாபமாகவும், ஏல வியாபாரிக்கு முதலில் சொன்னதாகவும் ஆகிறது என்பது அவன் தினமும் பார்க்கிற சங்கதி. ஐரோப்பாவில் இதை வேர்ச்சொல் ஆராய்ச்சி என்கிறார்கள்.

பக்கத்தின் அடியில் அட்டவணை. அதுதான் அவனை முழுசாக விழுங்கியது. நான், நீ, அவன் என்று ஒரு வரிசை. நாம் இருவர், நீங்கள் இருவர், அவர்கள் இருவர் என்று தனியாக ஒரு வரிசை. அப்புறம்தான் கூட்டத்துக்கு ஒரு வரிசை. லோவ்ல்யோன், லோவிஷி, லோவிதி. லோவிவே, லோவிதா, லோவிதே. லோவிமு, லோவிதே, லோவேந்தி. 'நான்' வருகிற இடத்தில் மட்டும் நடுவில் ஒரு 'ல' கூடுதலாக ஒட்டியிருக்கிறது, வேறு யாருக்கும் அது இல்லை. பங்கு பிரிக்கிற இடத்தில் நான் என்பவன் ஒரு பிடி அதிகம் எடுத்துக்கொள்வது உலக வழக்கம்தான் போலிருக்கிறது என்று அவன் எண்ணினான். இறந்த காலத்துக்கு இரண்டு அட்டவணை: பிடித்து முடித்ததற்கு ஒன்று, பிடித்துக்கொண்டே இருந்ததற்கு ஒன்று. எதிர்காலத்துக்கென்று தனி அட்டவணையே கிடையாது. நாளைக்குப் பிடிப்பேன் என்று எந்த மீன்பிடிக்காரன் வாய்விட்டுச் சொல்லுவான்? பரத்துக்கு அந்த ஜனங்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

வலை இழுக்கையில் அதையே பாட்டாக்கினான். ஐலசாவுக்குப் பதில் லோவிமு, லோவிதே, லோவேந்தி. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சம்பந்தம் இரண்டு நாள் பொறுத்தார்.

"இன்னா மாப்ள, மந்திரமா?"

"வெனைச்சொல்லு மாமா. பிடிக்கிறோம், பிடிக்கிறீங்க, பிடிக்கிறாங்க."

"நீ முதல்ல பிடி. அவங்க பிடிக்கிறத அவங்க பாத்துப்பாங்க."

வீட்டில் இளவரசி வேறு விதமாகக் கவலைப்பட்டாள். "யோவ், கப்பல்ல எவளாச்சும் வெள்ளக்காரிய பாத்து வச்சிருக்கியா? தூக்கத்துல கூட லோவி லோவின்ற?"

"அது பொம்பள இல்ல இளவரசி, ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி செத்த பாஷ."

"செத்தவளா? அப்ப சரி" என்று அவள் அரிசி களையப் போனாள்.

இவ்வளவும் பொழுதுபோக்காகவே முடிந்திருக்கும். ஆனால் போன வருஷச் சீட்டுக் கூட்டத்தில் பரத் எழுந்து நின்று, தனக்கும் ஒரு பாடு வேண்டும் என்று கேட்டிருந்தான். தலைவர் ஏகாம்பரம் நாற்பது வருஷமாகக் குடம் குலுக்குகிறவர். கோபமே வராதவர், அதனாலேயே அவரை மீற யாருக்கும் வழி தெரியாது.

"வீட்டோட மாப்ளைக்குப் பாடு இல்லப்பா. முன்னோரு வச்ச முறை."

"எங்க எழுதியிருக்கு தலைவரே?"

"எழுதலப்பா. அதான் முறைன்றது."

பரத் உட்கார்ந்தான். எழுதப்படாத ஒன்றோடு எப்படி வாதாடுவது? இந்த வருஷக் கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, படகு நிழலில் நாய்களோடு படுத்திருந்தவன் திடீரென்று எழுந்து உட்கார்ந்தான். எழுதப்படாத சொல்லையே பின்னோக்கிப் போய்க் கட்டிவிடுகிறார்களே, எழுதப்படாத முறையைக் கட்ட முடியாதா?

மறுநாளே பைக்கை எடுத்தான். இரண்டு வாரத்தில் ஏரியைச் சுற்றி நாலு குப்பத்துக்குப் போய், மீன் இறங்கும் நேரம் பார்த்துப் பெரியவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டான்: உங்க ஊர்ல வீட்டோட மாப்ளைக்குப் பாடு உண்டா? சிலர் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒருவர் கணக்கெடுக்க வந்தவன் என்று நினைத்து ரேஷன் கார்டைக் கொண்டுவந்து காட்டினார். ஆனாலும் பதில் கிடைத்தது. அவன் பிறந்த வடகரைக் குப்பத்தில், தலைக்கட்டை விட ஒரு சீட்டு கூடுதலாகப் போடுகிறார்கள். அதன் பெயரே 'அல்லுடு சீட்டு', அதாவது மாப்பிள்ளைச் சீட்டு. தீவில் இருக்கும் குப்பத்திலும் கூடுதல் சீட்டு உண்டு. பெண் கட்டிக்கொண்டு வந்தவன், அங்கேயே பிள்ளை பெற்ற பிறகு அதை எடுக்கலாம். கிழக்கே மணல்மேட்டுக் குப்பத்தில் கூடுதல் சீட்டு கிடையாது, ஆனால் மாப்பிள்ளைக்குப் பிள்ளை பிறந்ததும் மாமனார் சீட்டோடு அவன் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள். தெற்கே ஒரு குப்பத்தில் பிள்ளை பேச்சே இல்லை. வந்தவன் தன் வலையோடு வந்திருந்தால் போதும்.

நாலும் நாலு விதம். ஆனால் நாலையும் ஒரு தாளில் வரிசையாக எழுதியபோது பரத்துக்கு மாமனார் குப்பத்துக் குடம் நினைவுக்கு வந்தது. அந்தக் குடத்தில் ஒரு வேடிக்கை உண்டு. தலைக்கட்டு ஐம்பத்தெட்டு, சீட்டு ஐம்பத்தொன்பது. கடைசியில் ஒன்றில் பெயரே இருக்காது. வெறுஞ்சீட்டு. அது விழுந்த முறையில் அந்தத் துறை ஆளில்லாமல் கிடக்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, "அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் ஆசிக் கடையில் பிரிண்ட் எடுத்தான். ஒரு பக்கத்தில் நாலு குப்பத்து முறையும், அடியில் நட்சத்திரம் போட்டு அவன் கட்டிய மூல முறையும். மறு பக்கத்தில் உதாரணத்துக்கு அந்த வினைச்சொல்லின் அட்டவணை. கட்டம் கட்டி, ஒன்பது அறை.

"இத எதுக்கு நைனா பின்னாடி?" என்றான் ஆசிக்.

"இப்டியும் செய்றாங்கனு காட்டத்தான் பாய்."

"காட்டு காட்டு. அடி விழுந்தா அதே தாள்ல வச்சுக் கட்டிக்கலாம்."

கூட்டம் காலை பத்து மணிக்கு. ஆண்கள் பாயில், பெண்கள் பின்வாசலில். ஏகாம்பரம் கையில் தாள் போனது. போன வேகத்தில் அட்டவணை இருந்த மறுபக்கம் மேலே வந்துவிட்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்பது கட்டத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பரத் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"இது எந்தக் குப்பத்துப் பாடுப்பா? நல்லா போட்டுக்கிறானே. தனியா போறவனுக்கு ஒரு வரிச. ரெண்டு பேரா சேந்து போற படகுக்குத் தனி வரிச. கூட்டமா போறவனுக்குத் தனி. நமக்கு இந்த ரெண்டு பேர் சண்ட வருசா வருசம் வருது பாரு."

"தலைவரே, அது வந்து…"

"லோவிமு யாரு? ஆந்திராக்காரனா?"

"லோவிதே ரெண்டு எடத்துல வருது" என்று எட்டிப் பார்த்த ஒருவர் கண்டுபிடித்தார். "ஒருத்தனுக்கே ரெண்டு பாடு! அங்கயும் இந்தத் தில்லுமுல்லு கீது."

கூடம் சூடாகியது. லோவிதே என்பவன் செய்தது சரியா தவறா என்று ஐந்து நிமிஷம் விவாதம். லோவிதேவுக்கு அண்ணன் தம்பி இருவர் இருக்கலாம், ஒரே பேர் இருக்கலாம் என்று நியாயமாகப் பேசியவரும் உண்டு. பரத் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, சரியான பக்கத்தைத் திருப்பிக் கொடுத்து, நாலு குப்பத்துக் கதையையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். "இதெல்லாம் வச்சுப் பாத்தா, ஆதியில எல்லாக் குப்பத்துலயும் ஒரே முறதான் இருந்திருக்கணும். பொண்ணு கட்டிக்கினு, சொந்த வலையோட வந்து குடியிருக்கிறவனுக்கு, பிள்ள பொறந்த பிற்பாடு ஒரு சீட்டு. எம் பொண்ணு காவியாவுக்கு ஏழு வயசாவுது."

சம்பந்தம் எழுந்தார். கூட்டத்தில் மாமனார் மாப்பிள்ளைக்கு எதிராகப் பேசுவது மரியாதையில்லை என்பதால் கூரையைப் பார்த்துப் பேசினார்.

"ஆதியில இருந்ததுன்றாரே, அத யாராச்சும் காதால கேட்டாங்களா?"

"இல்ல மாமா."

"எழுதி வச்சதப் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படி?"

"அதுக்குத்தான் ஸ்டாரு போட்டுக்கிறேன்."

கூடம் சிரித்த சிரிப்பில் வெளியே நாய்கள் குரைத்தன.  உட்கார்ந்துவிடலாமா என்று பரத் நினைத்தான். அப்போது பின்வாசலிலிருந்து இளவரசியின் குரல் வந்தது.

"நைனா! வல இழுக்க ஆளில்லாம பூடும்னு நேராச் சொல்லேன். அதுக்கு இன்னாத்துக்கு முன்னோர கூட்டியாற?"

இந்தச் சிரிப்பு முன்னதை விடப் பெரிது. சம்பந்தம் கூரையை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் இருந்த குடத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா குலுக்குனாரு, ஒரு வெறுஞ்சீட்டு போட்டாரு. அவருக்கப்புறம் நான் குலுக்குறேன், நானும் போடறேன். நாப்பது வருசம். யாருக்கு இதுன்னு ஒருத்தன் கேட்டுடுவானோனு ஒவ்வொரு வருசமும் அவசர அவசரமா குலுக்கிடுவேன். எனக்கே தெரியாதே." தாளை உயர்த்திக் காட்டினார். "இவன் சொல்றது நெசமோ பொய்யோ. ஆனா பொய் சொல்றவன் எவனும் இது நானே கட்டுனதுனு ஸ்டாரு போட்டு எடுத்தாந்து குடுக்க மாட்டான். எங்கப்பா சும்மா ஒரு சீட்ட போட்டிருக்க மாட்டாரு. பேனா குடுங்கப்பா."

யாரோ பேனா கொடுத்தார்கள். அப்பா காலத்திலிருந்தே காலியாக இருந்த சீட்டில் 'பரத்' என்று எழுதி, சுருட்டி, குடத்தில் போட்டார்.

"அப்ப என் வலய யாரு இழுக்கிறது?" என்றார் சம்பந்தம்.

"உன் பாடு வர்ற நாள்ல அவன் வருவான். அவன் பாடு வர்ற நாள்ல நீ போ. ஒன்பது வருசம் இழுத்துக்கிறான் இல்ல?" என்றார் ஏகாம்பரம்.

குலுக்கியதில் பரத்துக்கு முதல் முறைக்கு விழுந்தது மணல் தூர்ந்த வடக்கு மூலை. அங்கே போகிறவர்கள் வலையோடு சீட்டுக்கட்டும் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். மற்றவர்கள் அவன் தோளைத் தட்டி அனுதாபம் சொன்னார்கள். அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டே நின்றான். பாவம், அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

குலுக்கிய எட்டாம் நாள் காலை, நாய்களைக் கிளப்பிவிட்டுப் படகை நிமிர்த்தித் தண்ணீரில் இறக்கினான். சம்பந்தம் பின்னால் நின்று வலை இழுத்தார். இழுத்ததை விட முனகியது அதிகம். பரத் தலைமாட்டில் உட்காரவில்லை, அவனும் இறங்கித்தான் இழுத்தான். அரைக் கூடை இறால், ஒரு கூடை நண்டு, யாரோ விட்ட ரப்பர் செருப்பு ஒன்று. அந்த மூலைக்கு அது சாதனை.

வலையை உதறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இளவரசி.

"யோவ், வாசல்ல மூணு பேரு வந்து நிக்கிறாங்க. கிழக்கால குப்பத்து மாப்ளைங்களாம். அவங்க ஊருக்கும் தனிச் சீட்டு வர்ற மாதிரி ஒரு பழைய முறய நீ கட்டிக் குடுக்கணுமாம். ஒரு ஆளு கோழி வேற கொண்டாந்துக்கிறான்."

"நீ இன்னா சொன்ன?"

"அவரு இல்ல, இன்னிக்கு அவருக்குப் பாடு, சாயந்திரமா வாங்கனு சொன்னேன்."

பரத் வலையைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"இன்னாய்யா, கேக்கலியா? டவர் இல்லயா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் இன்னா?"

"இன்னிக்கு யாருக்குப் பாடு? இன்னொரு வாட்டி சொல்லு."